முதல் பின்னூட்டத்துக்கு ஒரு வடை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். சிரிக்காதீர்கள். "எழுத்தாளர்கள் இணையத்தில் வாசகர்களைப் பிடிப்பது எப்படி" என்று அழைப்பில் போட்டிருந்தது. "பிடிப்பது" என்ற சொல்லைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். புதுச்சேரி புஸ்ஸி வீதிப் பக்கம் ஓர் ஓட்டலின் மாடி அரங்கு. ஏசி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. பாடம் எடுத்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். காதோரம் மைக்கை ஒட்டிக்கொண்டு, "மொதல்ல நீங்க ஒரு கம்யூனிட்டி பில்ட் பண்ணணும் மேம்" என்றார். கதை, கட்டுரை என்ற வார்த்தைகள் அவர் வாயில் கடைசிவரை வரவே இல்லை. எல்லாமே கன்டென்ட். என்னிடம் கொஞ்சம் நீளமான கதை ஒன்று இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அத ஏழு ரீலா உடைச்சிடலாம் மேம்" என்றார். தேங்காயைக்கூட அவ்வளவு தைரியமாக யாரும் உடைத்து நான் பார்த்ததில்லை.

இடைவேளையில் டீயும் உளுந்து வடையும் வந்தன. மிளகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிந்த வாசனை ஏசி குளிரையும் மீறி மூக்கில் ஏறியது. தட்டு மேசைக்கு வந்ததும் கையை நீட்டி, யோசிக்காமல், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "வடை எனக்கே!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்குங்க மேடம், நெறைய இருக்கு" என்றார். பாவம், காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று நினைத்திருப்பார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு வடையைச் சாப்பிட்டுவிட்டு வகுப்பு முடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.

உங்களுக்காவது இந்த வடை விவகாரம் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்கிறேன். ஒரு காலத்தில் தமிழில் எழுத ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருந்தோம். நாம் ஒன்றை எழுதிப் போட்டால் அதன் கீழே வந்து நாலு வரி எழுதுவார்கள். அதற்குப் பின்னூட்டம் என்று பெயர். யார் முதல் ஆளாக வந்து பின்னூட்டம் போடுகிறாரோ அவர் "வடை எனக்கே" என்று எழுதுவார். இரண்டாவதாக வந்தவர் "வடை போச்சே" என்று அழுவார். பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் மூன்றாவது ஆளின் கவலை. இட்லியை விட்டுவிட்டு ஏன் வடை என்று கேட்காதீர்கள். அதை ஆரம்பித்துவைத்தவருக்கே தெரிந்திருக்காது.

அப்போது நான் நெல்லித்தோப்பில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மை வாசனையும் மஞ்சள் தடவிய அட்டை வாசனையும் கலந்த சின்னக் கடை. நாள் முழுக்க ஊரார் வீட்டுச் சொந்தங்களை வரிசைப்படுத்துவதுதான் வேலை. பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே வந்துவிட்டால் அன்றைக்குக் கடையில் ஒரு குடும்பச் சண்டை நிச்சயம். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. அவரவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இணையத்தில் எழுத வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வேலை இல்லாத மதிய நேரங்களில் கடைக் கணினியிலேயே வலைப்பூ தொடங்கினேன். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடல், அலை, உப்பு, காற்று நான்கில் ஒன்று இல்லாமல் பெயர் வைக்க வராது. நான் போய்ச் சேர்வதற்குள் நான்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசியில் "நண்டுவளை" கிடைத்தது. வீடு குருசுக்குப்பத்தில். காலையில் கதவைத் திறந்தால் மணலில் நான் பார்ப்பது நண்டுவளைதான் என்பதால் பொய்யான பெயர் என்றும் சொல்ல முடியாது. முதல் கதையைத் தட்டச்சு செய்தபோது விரல் பழக்கத்தில் "அன்புடையீர்" என்று ஆரம்பித்துவிட்டது. கவனிக்காமல் வெளியிட்டுவிட்டேன். "கதையின் தொடக்கமே வாசகனை அழைக்கிறது, புதிய உத்தி" என்று ஒருவர் பாராட்டினார். அந்த மேதையின் பெயர் சாம்பல். புனைபெயர்தான். இலக்கியத்தில் யாருக்கும் எதுவும் புரிந்துவிடக் கூடாது என்பதில் மிகுந்த அக்கறை உள்ளவர்.

இன்னொருவர் அரைவேக்காடு. அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர், நான் பொறுப்பில்லை. சேதராப்பட்டுப் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. என் பதிவு வெளியாகிப் பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் அவருடைய "வடை எனக்கே" வந்து விழுந்துவிடும். என் வலைப்பூவில் மட்டுமில்லை, தமிழ் இணையத்தில் அநேகமாக எல்லா வடையும் அவருடையதுதான். பதிலுக்கு நான் போய் அவர் பதிவில் "அருமை" என்று எழுதிவிட்டு வருவேன். மொய்க்கு மொய். அவர் என்னத்தை எழுதியிருந்தார் என்று இப்போது கேட்டால் எனக்கும் தெரியாது.

இந்தக் கூட்டத்தில்தான் செல்வி என்று ஒரு பெயர் வந்து சேர்ந்தது. அவர் முதல் ஆளாக வந்ததே இல்லை. அரைவேக்காடு வடையை எடுத்து, அடுத்தவர் அழுது, அரட்டைக் கும்மியெல்லாம் அடங்கிய பிறகு மெதுவாக ஒரு வரி வரும். "எனக்கு வடை வேணாங்க, மத்தவங்களுக்குக் குடுங்க. கதை முழுசா படிச்சேன்." இன்னொரு நாள், "நான் சாப்ட்டுட்டேன். அந்த மீன்காரம்மா பேசறது எங்க பக்கத்து வூட்டு அம்மா பேசற மாதிரியே இருக்கு." என்ன நக்கல் பாருங்கள் என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி என்பது ஒரு ஆண் என்று அரைவேக்காடு தீர்ப்பே எழுதிவிட்டார். பெண் பெயரில் யார் வந்தாலும் ஆண்தான் என்பது அன்றைய இணையத்தின் பொது அறிவு. அதே பொது அறிவின்படி என்னை எல்லாரும் "நண்டண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. அண்ணனாக இருந்தால் கதையைத் திட்டுவார்கள். அக்கா என்று தெரிந்தால் போட்டோ கேட்பார்கள்.

இப்படி இருக்கும்போது "பெட்டி" என்று ஒரு கதை எழுதினேன். ஒரு பெண் கையில் பெட்டியோடு புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிக்கு முன்னால் நிற்கிறாள். வீட்டை விட்டுப் போகிறாள். ஏன் போகிறாள் என்று நிறைய எழுதியிருந்தேன். கடைசியில் கண்டக்டர், "ஏறும்மா, வண்டி எடுக்கப் போறோம்" என்கிறார். அவள் படிக்கட்டைப் பார்க்கிறாள். முற்றும்.

ஏன் அங்கே முடித்தேன் என்ற இலக்கிய ரகசியத்தை உங்களிடம் சொல்வதற்கென்ன. கடை முதலாளி வந்து, "இன்னாம்மா, அந்தக் காதுகுத்துப் பத்திரிகை முடிஞ்சிதா இல்லியா? ஆளு வந்து குந்திக்கினு கீறாரு" என்று சத்தம் போட்டார். அவசரத்தில் "முற்றும்" என்று அடித்து வெளியிட்டுவிட்டு காதுகுத்துக்குப் போய்விட்டேன். சாயந்திரம் வந்து பார்த்தால் பாராட்டு மழை. "முடிவு அருமை." "முடிவு சூப்பர் நண்டண்ணே." சாம்பல் ஒரு படி மேலே போய், "முடிவின்மையே இங்கே முடிவு" என்று எழுதியிருந்தார். நானும் அடக்கமாக நன்றி சொன்னேன். கூட்டத்துக்குக் கடைசியில் செல்வியின் ஒரு வரி: "அவ ஏறினாளா இல்லியா?"

அதற்கு ஒரு சிரிப்புக் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த மாதம்தான் பதிவர் சந்திப்பு. கடற்கரையில் காந்தி சிலைக்குப் பின்னால், ஞாயிறு மாலை. வருகிறேன் என்று பின்னூட்டம் போட்டவர்கள் ஒரு பஸ் நிறைய. வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்குவார்கள். நான் போய் "நண்டுவளை" என்றதும் அரைவேக்காட்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அண்ணன் வரலீங்களா?" என்று கேட்டார். நான்தான் அண்ணன் என்றேன்.

பிறகு அறிமுகப் படலம். ஒவ்வொருவரும் தன் வலைப்பூவைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். பத்திரிகைக் கடையேதான். சாம்பல் என் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான வெறுமை இருப்பதாகச் சொன்னார். எந்தக் கதை என்று கேட்டேன். "குறிப்பாகச் சொல்ல முடியாது" என்றார். மதியமெல்லாம் முதலாளிக்குப் பயந்து பயந்து தட்டச்சு செய்தது இவ்வளவுக்குத்தானா என்று இருந்தது. இங்கே ஒருவராவது என்னைப் படித்திருக்கிறார்களா என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் போகவும் மாட்டேன் என்றது.

அப்போது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. கையில் துண்டு சுற்றிய பெரிய தூக்கு.

"இங்க நண்டுவளை யாருங்க?"

நான் கையைத் தூக்கினேன்.

"நீங்க பொம்பளையா?"

"நீங்க செல்வியா? நீங்களும் பொம்பளையா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மற்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் தூக்கைக் கைப்பிடிச் சுவரில் வைத்து மூடியைத் திறந்தாள். உளுந்து வடை. ஆவி இன்னும் அடங்கவில்லை.

"எல்லாரும் தெனம் வடை வடைன்னு கேட்டுக்கினே இருக்கீங்க. இந்த நண்டுவளைக்காரங்க யாருக்கும் குடுத்த மாதிரியே தெரியல. அதான் நான் செஞ்சி எடுத்தாந்தேன்" என்றாள். "மொதல்ல வர்றவங்களுக்குத்தான் உண்டுன்னு நெனச்சிக்கினு நான் கடைசியாவே வருவேன். நமக்கு வூட்ல இருக்கே, பசியில இருக்கறவங்க சாப்டட்டும்னு."

அவள் நக்கலடிக்கவில்லை. இத்தனை மாதமாக நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததெல்லாம் சத்தியமான மரியாதை. அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு வடையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அரிசி மாவு கொஞ்சம் தூக்கலாப் போட்டேங்க. இல்லன்னா கடக்காத்துக்கு நமுத்துப்பூடும்" என்று முதல் வடையை அரைவேக்காட்டிடம் நீட்டினாள். தமிழ் இணையத்தின் சகல வடைகளையும் கைப்பற்றிய அந்த மனிதர் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு எண்ணெப் பலகாரம் ஆகாதுங்க. அசிடிட்டி" என்றார். சாம்பல் மூன்று சாப்பிட்டார். வெறுமைக்கு நல்ல ருசி போலிருக்கிறது.

நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிக் கருங்கல் பக்கம் உட்கார்ந்தோம். அவள் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பெட்டிக் கதையில அவ ஏறினாளா இல்லியா?"

நான் சாம்பலைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வாசகர் கையில இருக்குங்க" என்றேன்.

அவள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்த தன் கையைப் பார்த்தாள். "எங் கையில இருந்தா நான் ஏன் உங்கள வந்து கேக்கறேன்?"

பிறகு சொன்னாள். கணவர் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். ஒரு மாத லீவில் வந்தார், பெண் பார்த்தார், தாலி கட்டினார், பாரிசுக்குப் போய்விட்டார். அவளோடு பேசுவதற்காக ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில்தான் என்னைப் படிக்கிறாள். "தெனம் சாயந்திரம் வருவாரு. சவா? ம்பாரு. நானும் சவா ம்பேன். சௌக்கியமா, சௌக்கியம். அதுக்கு மேல இன்னா பேசறதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நல்லவருதான் போல. தெரியாதே. விசா வந்துட்ச்சி. பெட்டியும் கட்டியாச்சி. அம்மா ஏறுங்கறாங்க, மாமியார் ஏறுங்கறாங்க. உங்க கதையிலதான் ஒருத்தி ஏறாம நிக்கறா. அதான் கேட்டேன், அவ இன்னா பண்ணா?"

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் இருந்தது. நான் கேட்ட வாசகி வந்துவிட்டாள். கூடவே பயமும். காதுகுத்துப் பத்திரிகைக்காகப் பாதியில் விட்டுவந்த ஒரு பெண்ணை நம்பி இன்னொரு பெண் விமானம் ஏறுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறாள். "யோசிச்சு எழுதறேங்க" என்றேன். "சீக்கிரம் எழுதுங்க, டிக்கெட்டு போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, காலித் தூக்கோடு அரியாங்குப்பம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சந்திப்பைப் பற்றி எல்லாரும் பதிவு எழுதினார்கள். எல்லாரும் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வடை போட்டோவுக்குத்தான் அதிகப் பின்னூட்டம். நான் அந்தக் கதையின் அடுத்த பகுதிக்காகத் தினமும் உட்கார்ந்தேன். ஏறினாள் என்று எழுதினால் நான் அவளைப் பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. ஏறவில்லை என்று எழுதினால் கையைப் பிடித்து நிறுத்துவது போல இருந்தது. செல்வியின் பின்னூட்டங்கள் நின்றுபோயின.

மாதங்கள் கழித்து மீன்குழம்பைப் பற்றி ஏதோ ஒரு மொக்கைப் பதிவு போட்டேன். போட்ட கையோடு ஒரு பின்னூட்டம். அரைவேக்காடுதான் என்று அலட்சியமாகப் பார்த்தேன்.

"வடை எனக்கு. நான் ஏறிட்டேன். இங்க ரொம்ப குளுரு. அவ ஏறினாளா? - செல்வி"

அதற்குக் கீழே அரைவேக்காடு: "வடை போச்சே!" அவர் வாழ்க்கையில் அதை உண்மையான அதிர்ச்சியோடு எழுதியது அந்த ஒருமுறையாகத்தான் இருக்கும். நான் கடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மை பட்டுட்ச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அங்கே எப்படி இருக்கிறது? அவர் எப்படி?" என்று கீழே கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. "நீங்க மொதல்ல கதைய முடிங்க. அப்புறம் நான் சொல்றேன்."

மொய்க்கு மொய் வாங்கத் தெரிந்தவள். ஆனால் எனக்கோ, ஏறிய பிறகு அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் கதையை முடிக்க மனம் வரவில்லை. நான் அவளுக்காகக் காத்திருந்தேன், அவள் எனக்காகக் காத்திருந்தாள். நடுவில் அரைவேக்காடு ஒரு யோசனை சொன்னார். பின்னூட்டப் பெட்டி பழசாக இருக்கிறதாம். வெளிநாட்டில் ஒரு நிறுவனம் பொம்மையெல்லாம் சிரிக்கிற புதுப் பெட்டி இலவசமாகத் தருகிறதாம். மாட்டினேன். பழைய பின்னூட்டங்களையும் அதற்குள் கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நாளில் எல்லாரும் லைக் விழுகிற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சாம்பல் அங்கே இப்போது காலை வணக்கப் படம் போடுகிறார், ரோஜாப்பூவோடு. அரைவேக்காட்டைப் பற்றித் தகவல் இல்லை. பத்திரிகைக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். பத்திரிகையே வாட்ஸப்பில்தானே வருகிறது. அங்கேயும் அவரவர் பெயரைத்தான் பார்க்கிறார்கள், அந்த மட்டில் பண்பாடு காப்பாற்றப்பட்டுவிட்டது.

வகுப்பிலிருந்து வந்த அன்று வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது, யாருக்கும் வேண்டாத அத்தனையும். பின்னூட்டங்கள்தான் இல்லை. அந்த இலவச நிறுவனம் எப்போதோ கடையைச் சாத்திவிட்டுப் போனபோது எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போய்விட்டது. அரைவேக்காட்டின் வடைகள், சாம்பலின் முடிவின்மை, "நான் ஏறிட்டேன்" என்ற அந்த வரி, ஒன்றும் இல்லை. செல்வியின் முகவரியோ மின்னஞ்சலோ என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. அவளைப் பார்க்க அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி.

அன்றைக்கே கதையை முடித்தேன். ரீல் எதுவும் உடைக்கவில்லை. "அவள் ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தது." அவ்வளவுதான். இவ்வளவு வருஷம் இரண்டு வரிக்கு. வெளியிட்டுவிட்டு, பழைய பழக்கத்தில், கீழே பார்த்தேன்.

"கருத்துகள் எதுவுமில்லை. முதல் கருத்தை நீங்களே எழுதுங்கள்" என்று இருந்தது. தினமும் போய்ப் பார்க்கிறேன். வடை அப்படியேதான் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.